ஒருமுறை சொன்ன சம்மதம்

அரசு கடவுள் தந்ததல்ல, மனிதர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம். நவீன ஐரோப்பாவில் இந்த எண்ணத்துக்கு அடித்தளமிட்ட நூல்களில் ஒன்று, 1651இல் வெளிவந்த தாமஸ் ஹாப்ஸின் ‘லெவியதான்’. அதில் குடும்பத்துக்கு அவர் தரும் விளக்கத்தைப் பாருங்கள்: ஓர் ஆணும் அவன் பிள்ளைகளும், அல்லது ஆணும் வேலையாட்களும், அல்லது எல்லோரும் சேர்ந்தது. பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களைப் பெற்றவளைக் காணோம்.

இத்தனைக்கும் அதே அத்தியாயத்தில் சற்று முன்னர்தான், அரசும் சட்டமும் இல்லாத இயற்கை நிலையில் குழந்தை தாய்க்கே உரியது என்கிறார் ஹாப்ஸ். திருமணச் சட்டம் இல்லாத இடத்தில் தகப்பன் யாரென்று தாய் சொன்னால்தானே தெரியும் என்பது அவர் வாதம். வலிமையிலும் அறிவிலும் ஆண் எப்போதும் பெண்ணுக்கு மேல் என்று சொல்லிவிட முடியாது என்றும் ஒப்புக்கொள்கிறார். அப்படிப்பட்டவள் எப்படிக் காணாமல் போனாள்? அரசுகளைப் பெரும்பாலும் தந்தையரே நிறுவினார்கள் என்று சொல்லிக் கடந்துவிடுகிறார். அந்த இடைவெளியில்தான் நம் கதை இருக்கிறது. சமூக ஒப்பந்தத்துக்கு அடியில் சொல்லப்படாத இன்னொரு ஒப்பந்தம், பெண்ணின் உடல்மீது ஆணுக்கு உரிமை தரும் ஒப்பந்தம், இருக்கிறது என்று 1988இல் கரோல் பேட்மன் ஒரு நூல் முழுக்க வாதிட்டார்.

நான் தமிழ் படித்தவள். இந்தத் தத்துவவாதிகளிடம் என்னைக் கொண்டுவந்தது பாடத்திட்டம் அல்ல, ‘சம்மதம்’ என்ற சொல். முப்பத்திரண்டு வயதில் கணவர் வீட்டிலிருந்து வெளியேறி அம்மா வீட்டில் இருந்தேன். பேசித் தீர்க்க உறவினர்கள் கூடினார்கள். அடித்தாரா, குடித்தாரா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். இரவுகளைப் பற்றி அந்தக் கூடத்தில் எப்படிப் பேசுவது? கடைசியில் பெரியப்பா கேட்டார்: “உன்ன யாரும்மா கட்டாயப்படுத்துனா? சம்மதிச்சுத்தானே கழுத்த நீட்டுன?”

உண்மைதான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நான் சொன்ன ‘சரி’யை அவர் கையெழுத்திட்ட பத்திரம்போல என் முன்னால் விரித்துவைத்தார். எனக்கு விவாகரத்து கிடைத்த பிறகும் அந்தக் கேள்வி தீரவில்லை.

அதற்கு ஒரு வரலாறு உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தலைமை நீதிபதிகளில் ஒருவர் மாத்யூ ஹேல். அவர் இறந்து அறுபது ஆண்டுகள் கழித்து, 1736இல் அச்சான அவரது சட்டநூல் இப்படி விதிக்கிறது: திருமண ஒப்பந்தத்தின் மூலம் மனைவி தன்னைக் கணவனுக்குத் தந்துவிட்டாள், அந்தச் சம்மதத்தை அவளால் திரும்பப் பெற முடியாது, ஆகவே கணவன்மீது வல்லுறவுக் குற்றம் சாட்ட முடியாது.

கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் ஜான் லாக் ஆட்சியைப் பற்றி எழுதினார். மக்களின் நம்பிக்கையைக் குலைக்கும் ஆட்சியை மக்கள் அகற்றலாம் என்றார். அரசனின் அதிகாரம் தகப்பனின் அதிகாரத்திலிருந்து வந்தது என்று ராபர்ட் ஃபில்மர் வாதிட்டபோது, பிள்ளைகள்மீது தாய்க்கும் சம உரிமை உண்டே என்று மடக்கியவரும் லாக்தான். அரசனை வீழ்த்தத் தாய் தேவைப்பட்டாள். கணவன் மனைவிக்குள் கருத்து மாறுபட்டால்? இறுதி முடிவு ஆணுடையது, அவனே திறனும் வலிமையும் மிக்கவன் என்று எழுதிவிட்டார். ஆனால் பல சூழல்களில் மனைவி பிரிந்துபோகலாம் என்று அவர் எழுதியதையும் சொல்ல வேண்டும். என் பெரியப்பாவைவிட லாக் ஒரு படி மேல்.

இந்த முரணை அன்றைக்கே பிடித்தவர் ஒரு பெண். திருமணத்தைப் பற்றிய தன் நூலுக்கு 1706இல் எழுதிய முன்னுரையில் மேரி ஆஸ்டெல், நாட்டுக்கு வேண்டாத எல்லையற்ற அதிகாரம் வீட்டுக்கு மட்டும் எதற்கு என்று கேட்டார். அவர் புரட்சிக்காரர் அல்லர், முடியாட்சியை ஆதரித்தவர். அதனால்தான் எதிர்த்தரப்பின் தருக்கத்தில் இருந்த ஓட்டை அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது என்று நினைக்கிறேன். பிரெஞ்சுப் புரட்சியின்போது ஒலாம்ப் து கூழ் 1791இல் பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதினார். பலரும் கவனிக்காத ஒன்று அதன் இறுதியில் இருக்கிறது: ஆணும் பெண்ணும் சமமாகக் கையெழுத்திடுவதற்கான ஒரு மாதிரி ஒப்பந்தப் படிவம். சொத்து பொது; பிரிந்தால் பங்கு உண்டு. ரூசோவின் ‘சமூக ஒப்பந்தம்’ வெளிவந்து 29 ஆண்டுகளுக்குப் பின், அந்தத் தலைப்பை அவர் வீட்டுக்குள் கொண்டுவந்தார். 1793இல் கில்லட்டினில் கொல்லப்பட்டார்.

‘ஒப்பந்தம்’ என்ற சொல் நமக்கும் புதிதல்ல. திருமணத்தை வாழ்க்கைத் துணை ஒப்பந்தம் என்றார் பெரியார். சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967இல் சட்ட ஏற்பும் கிடைத்தது. ஆனால் ஹேலின் விதியும் இங்கேயே இருக்கிறது. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் விதிவிலக்காக நுழைந்தது. இங்கிலாந்து 1991இல் அதைக் கைவிட்டது. நாம் 2023இல் பாரதிய நியாய சன்ஹிதா என்று பெயரையே மாற்றினோம். மனைவிக்குப் பதினெட்டு வயது நிறைந்திருந்தால் கணவனின் செயல் வல்லுறவாகாது என்ற விதிவிலக்கை 63ஆம் பிரிவில் அப்படியே வைத்துக்கொண்டோம்.

“பிடிக்கலைன்னா வெளிய வர வேண்டியதுதானே மேடம், இருக்காங்கன்னா சம்மதம்தானே?” என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். டேவிட் ஹ்யூம் 1748இல் சொன்ன உவமையை அவளுக்குச் சொன்னேன். தூங்கும்போது தூக்கிவந்து கப்பலில் ஏற்றப்பட்டவன் அதிலேயே இருப்பதால், கப்பல் தலைவனின் ஆட்சிக்குச் சம்மதித்தான் என்று சொல்வீர்களா? இறங்க வேண்டுமானால் கடலில்தான் குதிக்க வேண்டும். ஒரு நாட்டில் வாழ்வதே அதன் அரசுக்குத் தரும் மௌனச் சம்மதம் என்ற லாக்கின் கருத்துக்கு ஹ்யூம் வைத்த மறுப்பு இது. அவர் மனைவிகளை நினைத்து எழுதவில்லை. ஆனால் சம்பளம் இல்லாத, தன் பேரில் வீடு இல்லாத, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்த வாசலுக்குப் போவதென்று தெரியாத பெண்ணுக்கு அந்தக் கப்பல் நன்றாகத் தெரியும். எனக்குக் கையில் வேலை இருந்தது. அது என் துணிச்சல் அல்ல, என் படகு.

தமிழ் இலக்கணம் நடத்துகிறவள் என்பதால் பெரியப்பாவின் கேள்விக்கு என்னிடம் இப்போது ஓர் எளிய பதில் உண்டு. ‘சம்மதித்தேன்’ என்பது இறந்தகால வினைமுற்று. அதைக் கொண்டு நிகழ்காலத்தை நடத்த முடியாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நம்மிடம் வந்து கேட்க வேண்டும் என்று அரசுக்கே விதித்திருக்கிறோம். வீட்டுக்கு அந்த விதியை எழுதுவதில் நமக்கு என்ன தயக்கம்?