புள்ளி வெச்ச எழுத்து

இங்கிலீஷ் எழுத்துக்கு வாய்த்த ஒரு யோகம் நம்ம தமிழ் எழுத்துக்கு வாய்க்கவே இல்லை. வீடியோ கேம் விஷயத்தைத்தான் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் டி.வி. கேம் ஆடி வளர்ந்த ஆள் நான். கோயமுத்தூரில் பி.காம். படித்தபோது காஸ்ட் அக்கவுன்டிங்கைவிட மரியோ எத்தனை காசு சேர்த்திருக்கிறார் என்ற கணக்குதான் அத்துப்படி. அதில் 'கேம் ஓவர்' என்று வருமே, செங்கல் அடுக்கின மாதிரி ஓர் எழுத்து... ஞாபகம் இருக்கிறதா? வளைவே இல்லாமல், படிக்கட்டு படிக்கட்டாக. அழகுக்காக யாரும் அப்படிச் செய்யவில்லை. மெஷினில் இடம் இல்லை. அகலம் 8 கட்டம், உயரம் 8 கட்டம். அதற்குள் 'ஐ'யும் அடங்கணும், 'டபிள்யூ'வும் அடங்கணும். அவ்வளவுதான் டிசைன்.

இன்றைக்கு எவ்வளவு நெளிவுசுளிவான எழுத்தும் செல்போனில் வழுக்கிக்கொண்டு வருகிறது. ஆனாலும் பசங்க அந்தப் பழைய எழுத்தைத்தான் தேடித் தேடிப் போடுகிறார்கள். டி-ஷர்ட்டில், காபிக் கடை போர்டில், புது கேம்களில். கூகுளில் இலவசமாகவே கிடைக்கிற 'பிரெஸ் ஸ்டார்ட் 2பி' என்கிற எழுத்துரு, ஜப்பானின் நாம்கோ கம்பெனி 1980-களில் தன் விளையாட்டுகளில் வைத்திருந்த எழுத்தைப் பார்த்துச் செய்தது. அதில் இங்கிலீஷ் உண்டு, கிரேக்கம் உண்டு, ரஷ்ய எழுத்துகூட உண்டு. தமிழ்? ம்ஹூம்.

உடனே கோபப்பட வேண்டாம். ஒரு கட்டம் போட்ட நோட்டை எடுங்கள். 8 கட்டத்துக்குள் 'ட' எழுதுங்கள். ஜம்மென்று உட்காரும். 'ப', 'ம' கூடப் பரவாயில்லை. இப்போது 'ண' எழுதுங்கள் பார்க்கலாம். மூன்று சுழி. இரண்டு கோட்டுக்கு நடுவில் ஒரு கட்டமாவது காலியாக விடணும், இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும். எழுதி முடிப்பதற்குள் கட்டம் தீர்ந்துவிடும்; சரி என்று ஒரு சுழியைக் குறைத்தால் அது 'ன' ஆகிவிடும். 'கீ'க்குத் தலைக்கு மேல் கொக்கி, 'கூ'வுக்குக் கீழே வால். நம்ம எழுத்து மாடியும் திண்ணையும் கேட்கிற எழுத்து. ஒற்றை ரூமில் குடித்தனம் நடத்தாது.

1978-ல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் சீர்திருத்தப்படி 13 எழுத்துகளை மாற்றியதால் தப்பித்தோம். இல்லாவிட்டால் 'யானை'யின் துதிக்கை பக்கத்து எழுத்தின் தலைமேல் கிடக்கும்!

16-க்கு 16 கட்டம் கொடுத்தால் ஒருவழியாகச் சமாளிக்கலாம். 1998-ல் தொடங்கிய 'யூனிஃபான்ட்' என்ற புள்ளி எழுத்துத் தொகுப்பில் உலக எழுத்துகளோடு தமிழும் அந்த அளவில் இருக்கிறது. ஆனால் அது காரில் கிடக்கிற ஸ்டெப்னி மாதிரி. வேறு எதுவும் இல்லாதபோது கைகொடுக்கும். அதைப் போட்டுக்கொண்டு யாரும் ஊர்வலம் போவதில்லை.

வெறும் விளையாட்டு விஷயம் என்றால் விட்டுத்தள்ளலாம். காந்திபுரத்தில் டவுன் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு சாயங்காலம் நின்றுபாருங்கள். பஸ் நெற்றியில் சிவப்புப் புள்ளிகளில் ஊர் பெயர் ஓடும். கொஞ்ச நேரம் இங்கிலீஷ், கொஞ்ச நேரம் தமிழ். போன மாதம் ஓர் ஆத்தா என் கையைப் பிடித்து, ''ஏஞ்சாமி, இது சிங்காநல்லூர் போகுமா?'' என்றார். நான் போர்டைப் பார்த்தேன். 'சிஙகாநலலூர' என்று இருந்தது. மேல் வரிசை விளக்கு அவுட்!

''பெயிண்ட்டுல எழுதியிருந்தா எழுத்துக்கூட்டிப் படிச்சுப்போடுவேன் கண்ணு. இது என்னமோ ஓடீட்டே இருக்குது'' என்றார் ஆத்தா.

இங்கிலீஷ் 'கே'யில் ஒரு புள்ளி அணைந்தாலும் அது 'கே'தான். நமக்கு அப்படி இல்லை. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியர் சொல்லிவிட்டார். அந்த ஒரு புள்ளி போனால் எழுத்தே மாறிவிடும். ஓலைச்சுவடிக் காலத்தில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று வைக்காமல் விட்டார்கள். படித்தவர்கள் பண்டிதர்கள், இடம் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். பஸ்ஸுக்கு நிற்கிற ஆத்தாவுக்கு அதற்கு நேரம் ஏது? டிரைவர் கியர் மாற்றிவிடுவார்.

இதற்கெல்லாம் பெரிய விஞ்ஞானி வேண்டியதில்லை. 1984-ல் வந்த ஆப்பிளின் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்குப் புள்ளி எழுத்து வரைந்த சூசன் கேர், கட்டம் போட்ட நோட்டில்தான் ஆரம்பித்தார். மொசைக்கும் ஊசிப் பின்னலும் தெரிந்தவருக்கு இது ஒன்றும் புதுசு இல்லை என்று பிற்பாடு சொன்னார். அப்படிப் பார்த்தால் நம்ம ஊரில் எத்தனை சூசன் கேர்கள்! மார்கழியில் விடிவதற்குள் நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி என்று வாசலை நிறைக்கிறவர்கள். சிறுமுகையில் பட்டுச் சேலைக்கு கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக டிசைன் அடித்து, அதை அட்டையில் ஓட்டை போட்டுத் தறியில் ஏற்றியவர்கள். கட்டத்துக்குள் மயிலையே உட்காரவைத்தவர்களுக்கு 'ண' எம்மாத்திரம்?

என் அண்ணன் மகள் பீளமேட்டில் இன்ஜினீயரிங் கடைசி வருஷம். புராஜெக்ட்டுக்கு ஒரு கேம் செய்கிறாள். ஸ்கோரை இங்கிலீஷில் வைத்திருந்தாள். ''தமிழ்ல போட்டா அசிங்கமா இருக்குது சித்தப்பா'' என்றாள். ஒரு கணக்கு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். ராத்திரி அண்ணியும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அவர் 21 புள்ளிக் கோலம் போடுகிறவர்.

''இதென்னடி, ஒத்தைப் புள்ளி வெச்சிருக்கற? நாலு கட்டத்தையும் சேர்த்து அடை. ஒண்ணு போனாலும் மூணு நிக்குமில்ல?'' என்றார்.

எனக்கு பஸ் போர்டு ஞாபகம் வந்தது. இது ஏன் யாருக்கும் தோணலை?

நேற்று வரை 18 மெய்யும் முடிந்திருக்கின்றன. 'ண்' 11 கட்ட அகலத்தில் கம்பீரமாக நிற்கிறது. 'ஔ' பக்கம் இன்னும் யாரும் போகவில்லை.