பொங்கலுக்கு மன்னன், தீபாவளிக்குத் தேவர் மகன்

நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் வருஷங்களுக்கு எண் கிடையாது. ஓட்டு வீடு கட்டியது பாவமன்னிப்பு வந்த வருஷம். என் வீட்டுக்காரர் பிறந்தது திருவிளையாடல் வந்த வருஷம். ரேஷன் கார்டுக்கு விவரம் எழுத வந்தவரிடமும் அத்தை இப்படித்தான் சொன்னார். அந்த மனிதரும் மதுரைக்காரர். மறு கேள்வி கேட்காமல் 1965 என்று எழுதிக்கொண்டு போனார்.

அந்தக் கணக்குப்படி எனக்கென்று ஒரு வருஷம் உண்டு. பொங்கலுக்கு மன்னன், தீபாவளிக்குத் தேவர் மகன். எண்ணில் சொன்னால் 1992. தையில் கல்யாணம், மார்கழியில் குழந்தை. நடுவில் பார்த்த படங்களை வைத்துத்தான் மற்றதெல்லாம் நினைவுக்கு வருகிறது.

தை கடைசியில் கல்யாணம் முடிந்து, மறுவீடு, விருந்து எல்லாம் ஓய்ந்ததும் புதுப்பெண்ணைச் சினிமாவுக்குக் கூட்டிப் போவது என்று ஒரு வழக்கம். புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் போவது என்று நான் நினைத்திருந்தேன். வீடே கிளம்பியது. நாத்தனார், நாத்தனார் பிள்ளைகள், பக்கத்து வீட்டுச் சின்னம்மா, எல்லோருக்கும் முன்னால் அத்தை. மன்னனா, சின்னக் கவுண்டரா என்று இரண்டு நாள் விவாதம் நடந்தது. விஜயகாந்த் நம்ம ஊர்ப் பிள்ளை என்று மாமா ஒரே வரியில் வாதாடிப் பார்த்தார். எடுபடவில்லை.

தியேட்டர் வாசலில்தான் அத்தை யார் என்று தெரிந்தது. வீட்டில் குனிந்த தலையோடு அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் நடந்துகொண்டிருந்தவர், பெண்கள் கவுண்டரைப் பார்த்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். ஆண்கள் வரிசை கம்பிக் கூண்டுக்குள் நசுங்கிக் கிடந்தது. பெண்கள் வரிசை பார்க்கச் சின்னதாக இருந்தாலும் அதன் சட்டம் வேறு. ஆளுக்கு இத்தனை டிக்கெட் என்று உள்ளே ஒருவர் கத்துவார். வெளியே நிற்கும் முன்பின் தெரியாத ஆண்கள் "யக்கா, எனக்கும் ஒண்ணு சேத்து எடுத்துக் குடுங்கக்கா" என்று காசை நீட்டுவார்கள். அத்தை யாரிடமும் காசு வாங்கவில்லை. யாரையும் முந்தவும் விடவில்லை. டிக்கெட்டைச் சுருட்டி முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே வந்தபோது அவர் முகத்தில் இருந்த நிறைவை நான் அந்த வீட்டுக்குள் பார்த்ததில்லை.

மன்னனில் ரஜினியும் கவுண்டமணியும் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு டிக்கெட் எடுக்கக் கூட்டத்தில் மிதிபடுகிற காட்சி உண்டு. திரையில் அவர்கள் சட்டை கிழிய, அரங்கத்தில் சட்டை கிழிந்தவர்களே அதிகம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு, உடம்பு முடியாத அம்மாவாகப் பண்டரிபாய் வந்தார். அத்தை என் கையைத் தட்டினார்.

"பாத்தியா, நம்ம பராசக்தி புள்ள."

பண்டரிபாய் அம்மா வேஷம் போட ஆரம்பித்துப் பல காலம் ஆகியிருந்தது. என் வயதுக்காரர்கள் அவரை அம்மாவாக மட்டுமே அறிவோம். அத்தைக்கு அப்படி இல்லை. 1952 தீபாவளிக்கு பராசக்தி வந்தபோது அவர் தாவணி போடாத சிறுமி. மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்து, மதுரை தங்கம் தியேட்டரில் பார்த்த படம். அந்தத் தியேட்டரில் முதலில் ஓடிய படமும் அதுதான். 2,500 பேருக்கு மேல் உட்காரலாம். ஆசியாவிலேயே பெரியது என்று ஊரே மார்தட்டிக்கொள்ளும். அத்தைக்கு ஆசியா எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆனால் எங்கே இருந்தாலும் தங்கத்தைவிடச் சின்னது என்பதில் சந்தேகம் இருந்ததில்லை. அந்தப் படத்தில் புதுமுகமாக வந்த சிவாஜிக்கு ஜோடி பண்டரிபாய். நாற்பது வருஷம் கழித்து அதே முகத்தில் அவர் வயதைத்தான் அத்தை பார்த்தாரா, தன் வயதையா என்று இப்போது தோன்றுகிறது. அன்று எனக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை. எப்போது இடைவேளை விடுவார்கள், பட்டர் பன் வாங்கித் தருவார்களா என்பதே என் யோசனை.

மன்னனைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். ஆலையை நடத்துகிற, திமிர் பிடித்த முதலாளியாக விஜயசாந்தி வருவார். கடைசியில் எல்லாவற்றையும் புருஷன் கையில் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்துவிடுவார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. நான் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நானும் கை தட்டினேன். நன்றாகவே தட்டினேன்.

சித்திரையில் சிங்காரவேலன். பார்த்தோம், சிரித்தோம், அவ்வளவுதான். எதிர்சேவைக் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்தது அதைவிட நன்றாக ஞாபகம் இருக்கிறது. வைகாசியில் எனக்கு வாந்தி. ஆனியில் என் வீட்டுக்காரருக்கு மில்லில் வேலை நிரந்தரமானது. அந்த ஜூன் கடைசியில் அண்ணாமலை வந்தது. மில் நண்பர்களோடு முதல் நாளே போய்விட்டு, பொத்தான் இல்லாத சட்டையோடு வந்து நின்றார். படம் ஆரம்பிக்கும்போது நீலப் புள்ளிகளாக வந்து சூப்பர் ஸ்டார் என்று எழுத்து கூடுகிறதாம், விசில் சத்தத்தில் காது அடைத்துவிட்டதாம். இன்றைக்கும் ரஜினி படத்துக்கு முன்னால் வருகிற அந்தப் புள்ளிகள் அண்ணாமலையில்தான் தொடங்கின. மசக்கைக்காரி கூட்டத்துக்குள் போகக் கூடாது என்று என்னை விட்டுவிட்டார்கள். படத்தில் ரஜினி பால்காரர். எங்கள் தெருவில் பால் ஊற்றுகிற அண்ணன் மட்டும் அதற்குப் பிறகு ஆறு மாதம் கையைச் சுழற்றாமல் பால் அளக்கவில்லை.

ஆகஸ்ட் 15 சனிக்கிழமை ரோஜா வந்தது. நாங்கள் பார்த்தது அதற்கு அடுத்த வாரமோ என்னவோ. இசை ஏ.ஆர்.ரஹ்மான் என்று பேர் வந்தபோது யாரும் அசையவில்லை. முதல் படம், யாருக்குத் தெரியும்? பாட்டு ஆரம்பித்ததும் முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடினார் போல. இளையராஜா பாட்டில் எங்களுக்கு வழி தெரியும். எந்த இடத்தில் வயலின் ஏறும், எங்கே தபேலா காத்திருக்கும் என்று நெஞ்சு முன்கூட்டியே போய் நிற்கும். இதில் அப்படி நிற்க இடம் கிடைக்கவில்லை. பிடித்ததா என்றால், அன்று தெரியவில்லை. கேசட் வாங்கி வந்த பிறகு தேயும்வரை கேட்டோம்.

அந்தப் படத்தின்போதுதான் வயிற்றில் பிள்ளை அசைந்தது. ரஹ்மான் பாட்டுக்கு அசைந்தது என்று அவர் இன்றுவரை ஊரெல்லாம் சொல்கிறார். உண்மையில் அது இடைவேளையில், கடலை மிட்டாய் தின்றுகொண்டிருந்தபோது. நான் திருத்தவில்லை. அவருக்கு ஒரு பெருமை வேண்டியிருந்தது.

அத்தைக்கு ரோஜா பிடித்திருந்தது. காரணம் காஷ்மீரும் இல்லை, கொடியும் இல்லை. சுந்தரபாண்டியபுரத்துப் பெண், பாஷை தெரியாத ஊரில், அதிகாரி, மந்திரி என்று ஒருவரையும் விடாமல் புருஷனைக் கேட்டு அலைகிறாள் அல்லவா, அதுதான். "வாயத் தொறந்து கேக்குதுல்ல" என்றார், பஸ்ஸுக்கு நிற்கும்போது. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. நான் மட்டும்தான் பக்கத்தில் நின்றேன்.

தலைதீபாவளி அந்த வருஷம் அக்டோபர் 25, ஞாயிற்றுக்கிழமை. திண்டுக்கல்லில் எங்கள் அம்மா வீட்டில். பாண்டியன், தேவர் மகன், ராசுக்குட்டி என்று ஊரெல்லாம் போஸ்டர். புது மாப்பிள்ளையைப் படத்துக்குக் கூட்டிப் போக என் தம்பி டிக்கெட்டுக்குச் சொல்லி வைத்திருந்தான். அவர் பாண்டியனுக்கு வருகிறேன், தேவர் மகனுக்கு வரமாட்டேன் என்றார். எங்கள் வீட்டில் மாப்பிள்ளைக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. பிறகுதான் விஷயம் வந்தது. "அது சிவாஜி படம். அம்மா இல்லாம பாக்கக் கூடாது." எனக்கு அப்போது வந்த கோபத்தை இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அது கமல் படம் என்று நானும், சிவாஜி படம் என்று அவரும், தலைதீபாவளி ராத்திரி மொட்டை மாடியில் நின்று சண்டை போட்டோம்.

வளைகாப்புக்கு முந்தின வாரம் மதுரையில் போனோம். நிறைமாதக்காரி இருட்டில் அத்தனை சத்தத்துக்கு நடுவில் உட்காரலாமா என்று சின்னம்மா இழுத்தார். அத்தை காதில் வாங்கவில்லை. எனக்கு ஓரத்து இருக்கையாகப் பார்த்து, முதுகுக்கு வைக்க வீட்டிலிருந்தே ஒரு தலையணை கொண்டு வந்திருந்தார்.

சிவாஜி பெரிய தேவராக வந்து உட்கார்ந்ததும் அரங்கம் அடங்கிவிட்டது. பராசக்தியில் வசனத்தால் ஊரைக் கட்டிப் போட்டவர், இதில் பாதி நேரம் பேசவே இல்லை. துண்டைச் சரி செய்கிறார், மகனைப் பார்க்கிறார், பார்வையை எடுத்துக்கொள்கிறார். சிவாஜி மிகையாக நடிப்பவர் என்று சொல்கிறவர்களிடம் நான் இந்தப் படத்தைத்தான் காட்டுவேன். பரதன் மலையாளத்து இயக்குநர். அந்த அமைதி அவர் கொண்டுவந்ததா, கமல் எழுதியதா, சிவாஜியே எடுத்துக்கொண்டதா என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி சேர்ந்திருக்கிறது.

பாதிப் படத்தில் பெரிய தேவர் இறந்துபோகிறார். பின்னால் யாரோ விசும்பினார்கள். அத்தை அழவில்லை. செருப்பைக் காலால் தேடிக்கொண்டிருந்தார்.

"எந்திரித்தா, போவம்."

"இன்னும் பாதிப் படம் இருக்கும்மா" என்றார் அவர்.

"நீ இருந்து பாத்துட்டு வா. எனக்கு முடிஞ்சு போச்சு."

அப்படியே இருவரும் வெளியே வந்தோம். கமல் முடியை வெட்டி மீசையை முறுக்கிக்கொண்டு வந்து நிற்கும் இடம், தியேட்டரே எழுந்து ஆடியதாகச் சொல்கிறார்களே, அதை நான் பார்க்கவில்லை. உள்ளேயிருந்து சத்தம் மட்டும் சுவர் தாண்டி வந்தது. அத்தை இரண்டு டீ வாங்கினார். டீயில் தண்ணீர் அதிகம் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டார். ஆட்டோ பேரத்தில் இரண்டு ரூபாய் குறைத்தார். சிவாஜியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மனிதர் அப்போது நல்ல உயிரோடு சென்னையில் இருக்கிறார், அதற்குப் பிறகு படையப்பாவிலும் நடித்தார் என்பதெல்லாம் அந்த நேரத்தில் பேசக்கூடிய பேச்சாகத் தெரியவில்லை.

வளைகாப்பு முடிந்து திண்டுக்கல் போனேன். டிசம்பர் 4 வெள்ளிக்கிழமை நாளைய தீர்ப்பு என்று ஒரு படம் வந்தது. எஸ்.ஏ.சந்திரசேகரன் மகன் விஜய் கதாநாயகன். இந்தப் பையனுக்கு எதற்கு இந்த வேலை என்று போஸ்டரைப் பார்த்து என் தம்பி சொன்னான். இப்போது அவன் வீட்டில் இரண்டு பிள்ளைகளும் விஜய் ரசிகர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அயோத்தியில் பாபர் மசூதியை இடித்தார்கள். ரேடியோவை விட்டு அப்பா எழுந்திருக்கவில்லை. பஸ் ஓடுமா, ஓடாதா என்று தெரியாத நாட்கள். தெருவில் பீடிக்கடை பாய் கடை திறக்கவில்லை. அம்மா சாப்பாட்டுத் தூக்கோடு அவர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். அந்த மாதக் கடைசியில் மகள் பிறந்தாள்.

பிள்ளை வந்த பிறகு சினிமா எங்கே? 1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. கேபிள்காரர் மொட்டை மாடி வழியாக ஒயர் இழுத்தார். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பார்க்க எங்கள் வீட்டில் கூடிய தெருப் பிள்ளைகள் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தங்கம் தியேட்டரைத் தொண்ணூறுகளின் நடுவில் மூடினார்கள். அந்த இடத்தில் இப்போது பெரிய ஜவுளிக்கடை. மகளுக்கு முகூர்த்தப் பட்டு அங்கேதான் எடுத்தோம். ஏ.சி. நன்றாக இருந்தது. பெண்கள் கவுண்டர் எப்போது எடுக்கப்பட்டது என்று கவனிக்கவே இல்லை. எல்லோரும் ஒரே வரிசை, பிறகு வரிசையே இல்லை, கைப்பேசியில் டிக்கெட்.

அத்தை தேவர் மகனுக்குப் பிறகு தியேட்டர் படி ஏறவில்லை. கூப்பிட்டால், கால் வலி என்பார். கோயிலுக்குப் போகும்போது அந்தக் கால் வலிக்காது. 2001 ஜூலையில் சிவாஜி இறந்தபோது நாள் முழுக்க டிவியில் ஊர்வலம் காட்டினார்கள். அத்தை பாட்டுக்கு வாசலில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

அதற்குக் கொஞ்ச காலம் கழித்து டிவியில் தேவர் மகன் போட்டார்கள். முதல் பாதியில் அத்தை தூங்கிவிட்டார். விட்டுப்போன பாதியை நான் அன்றுதான் உட்கார்ந்து பார்த்தேன். வீச்சரிவாள் வேண்டாம், பிள்ளைகளைப் படிக்க வைக்கப் பாருங்கள் என்றுதான் அந்தப் படம் முடிகிறது. ஆனால் எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் குழாயைக் கட்டி அதில் போட்டது முடிவை அல்ல, சாதிப் பெருமை பாடுகிற பாட்டை. அந்தப் பாட்டு எந்தத் தெருவில், யார் காதில் விழவேண்டும் என்று போட்டார்கள் என்பது மதுரைக்காரர்களுக்குத் தெரியும்.

அத்தை விழித்துக்கொண்டு, "முடிஞ்சிருச்சா? என்னதான் ஆச்சு?" என்றார். வெளியே வந்த நாளிலிருந்து அவர் அதைக் கேட்டதில்லை. சொன்னேன். லண்டனில் படித்து வந்த மகன் அப்பா இடத்தில் உட்கார்ந்தான், அவசரத்தில் ரேவதிக்குத் தாலி கட்டினான், கடைசியில் நாசர் தலையைச் சீவிவிட்டு ஜெயிலுக்கு ரயில் ஏறிப் போனான்.

"அப்ப, அந்தப் பய படிச்சதும் வீணாப் போச்சா?"

"ஆமா, அத்தை."

"அந்த ரேவதிப் புள்ள? அவசரத்துக்குத் தாலியக் கட்டிக் கூட்டியாந்தானே, அது என்ன செஞ்சுச்சாம்?"

படத்தில் அதைச் சொல்லவில்லை என்றேன்.

"சொல்ல மாட்டானுக" என்றார். பிறகு சீரியலுக்கு நேரமாகிவிட்டது, சேனலை மாற்று என்றார்.