மலைமேல் ஓர் எல்லைக்கோடு

தேனியிலிருந்து தெற்கே பயணம் செய்வீர்களானால், சின்னமனூரையும், ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி அமைந்த உத்தமபாளையத்தையும் கடந்து கம்பம் சேர்வீர்கள். வழிநெடுக மேற்கு மலை உங்களுடனேயே வரும். அதன்மீதுதான் கேரள எல்லை ஓடுகிறது. சுப்ஹு தொழுகை முடியும் வேளையில், ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்துப் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளிப் பாதைகளில் ஏறுவதைக் காணலாம்.

மொழிவழி மாநிலங்கள் உருவாகவிருந்த காலத்தில், இந்த எல்லையை மாற்றி, தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழகத்துடன் இணைக்குமாறு திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடிற்று. 1954 ஜூலையில் தடையை மீறி மூணாறு சென்ற ஏ. நேசமணியும், மாநிலங்களவை உறுப்பினர் ஏ. அப்துல் ரசாக்கும் கைதாயினர். அவ்வாண்டு ஆகஸ்ட் 11 அன்று, தெற்கே மார்த்தாண்டம், புதுக்கடைப் பகுதிகளில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தனர்.

பசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955இல் அறிக்கை அளித்தது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரியின் நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் தமிழகம் வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. மலைத் தமிழரில் பலர் தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள் என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. காட்டைத் தோட்டமாக்கிய கைகள் வந்து போகிறவையாகக் கணக்கிடப்பட்டதே இதிலுள்ள வேதனை.

ஸ்பெயின் நாட்டின் கட்டலோனியர் 2017 அக்டோபர் 1 அன்று, நீதிமன்றத் தடையையும் மீறித் தனிநாட்டிற்கென வாக்கெடுப்பு நடத்தினர். மலைத் தமிழர் கேட்டதோ தனிநாடன்று, எல்லைத் திருத்தமே. ஆயினும் அடிப்படை வினா ஒன்றுதான்: ஒரு நிலம் எவரோடு சேர்வது என்பதில் அங்கு வாழ்வோரின் சொல்லுக்கு என்ன மதிப்பு?

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பூசல் முற்றியபோது, இப்பள்ளத்தாக்கு மக்கள் ஆயிரக்கணக்கில் குமுளி நோக்கித் திரண்டனர். மலைப்பகுதியைத் தமிழகத்துடன் இணைக்கும் பழைய கோரிக்கையும் மீண்டும் எழுந்தது. பாதைகள் அடைபட்டன. அந்நாட்களில் கூலியை இழந்தவர்கள் அந்த ஜீப் பெண்களே!

கேரள மலையில் விளையும் ஏலக்காய் போடிநாயக்கனூருக்கு விற்பனைக்கு வருகிறது. கேரளத்தில் தேங்கும் பெரியாற்று நீர் கம்பம் வயல்களை நெல்லால் நிரப்புகிறது. லோயர் கேம்ப்பில் பென்னிகுயிக் மணிமண்டபத்தைக் காணச் செல்லும்போது, சாலையோரம் நின்று அந்த ஜீப்புகளையும் பாருங்கள். எல்லையின் விலையை அன்றாடம் செலுத்துவோர் அவற்றில்தான் அமர்ந்திருக்கிறார்கள்.