தங்லங் லாவில் இரண்டு ஹிமாலயன்கள்

மணாலி–லே சாலையில் உள்ள சர்ச்சுவில் விடிந்தபோது, கூடாரத்துக்கு வெளியே நின்ற இரண்டு வண்டிகளின் சீட்டிலும் உறைபனி பூத்துக் கிடந்தது. செப்டம்பர் மாதம்! எங்கள் திருநெல்வேலியில் இந்நேரம் மின்விசிறிக்கு அடியிலும் வியர்க்கும். இங்கே நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்குகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,300 மீட்டர்.

என்னுடையது பழைய ஹிமாலயன் 411. மச்சினனுடையது, 2023 நவம்பரில் வந்த 450. இரண்டையும் ராயல் என்ஃபீல்டு செய்தது சென்னைக்குப் பக்கத்தில்தான். கடலோரத்தில் பிறந்த வண்டிகள் இந்த உயரத்தில் என்ன பாடுபடும் என்று பார்த்துவிட ஆசை. சாவிகளை மாற்றிக்கொண்டோம்.

“அத்தான், இந்தக் குளிர்ல ஸ்டார்ட் ஆகுமா?”

ஆனது! இரண்டும் ஒரே அழுத்தலில். காற்றின் அடர்த்திக்குத் தக்கபடி பெட்ரோலை அளந்து விடும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனை அந்தக் காலையில் மனதாரக் கும்பிட்டேன்.

அடுத்து காட்டா லூப்ஸ். 21 கொண்டை ஊசி வளைவுகள், ஒன்றன் தலைமேல் ஒன்றாக. 450 மூன்றாவது கியரிலேயே அநாயாசமாக ஏறியது. மேலே நின்று திரும்பிப் பார்த்தால், வந்த வழி முழுக்க உழக்கில் பிழிந்து போட்ட இடியாப்பமாகச் சுருண்டு கிடக்கிறது. அடி வளைவுகளில் என் 411 இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டு வரும் சத்தம் மட்டும் கேட்டது. அதற்காக அதைக் குறை சொல்ல மனம் வராது. 5,000 மீட்டருக்கு மேல் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறையப் பாதிதான். எஞ்சினின் பலமும் அதே கணக்கில் சரிகிறது. 450-இன் 40 குதிரைத்திறனில் இருபத்துச் சொச்சம் மிஞ்சும். அது ஏறக்குறைய 411 சமவெளியில் முழு மூச்சோடு ஓடும்போது தருகிற பலம்! 411-இன் 24 குதிரைகளில் இங்கே பதின்மூன்றுதான் மிஞ்சும். பாவம், அந்தப் பதின்மூன்றை வைத்துக்கொண்டு ஆளையும் மூட்டைகளையும் சுமந்து ஏறி வந்துவிட்டதே!

லாச்சுலுங் லா கணவாயைத் தாண்டியதும் அவரவர் வண்டிக்குத் திரும்பினோம். பாங் வரை பொடிமண்ணும் சரளையும். நடுவே பனி உருகி ஓடும் ஓடை. அடியில் உருண்டைக் கற்கள். இங்கே என் கிழவன் ராஜா! நீண்ட ஸ்ட்ரோக் எஞ்சின். உச்ச இழுவை 4,500 சுற்றுக்குள்ளேயே வந்துவிடும். 450-க்கு 5,500 வரை போகவேண்டும். என் 411-இல் முதல் கியரில் ஆக்சிலரேட்டரைச் சும்மா பிடித்திருந்தால் போதும், கல்லுக்குக் கல் தடவிக்கொண்டு நகர்கிறது. சீட் உயரம் 800 மில்லிமீட்டர். 450-இல் தாழ்த்தி வைத்தாலும் 825. ஊரில் அது ஒரு வித்தியாசமே இல்லை. ஓடை நடுவே ஐந்தரை அடி ஆளின் பாதம் கல்லில் பதிவதா, விரல் நுனி மட்டும் தொடுவதா என்பது அந்த 25 மில்லிமீட்டரில் இருக்கிறது. தண்ணீரோ, அப்பப்பா, பூட்ஸுக்குள் புகுந்ததும் எலும்பு வரை கடிக்கிறது.

பாங் கூடாரக் கடையில் அடுப்புக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. “ஜூலே!” என்று வரவேற்ற அம்மா, உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீரை ஊற்றித் தந்தார். தேநீரில் உப்பா என்று நாக்கு முதலில் திகைத்தது. இரண்டாவது கோப்பையை நானே கேட்டு வாங்கினேன்.

பிறகு மோரே சமவெளி. இவ்வளவு உயரத்தில் இப்படி ஒரு தட்டை நிலமா! நேர்கோட்டில் தார்ச்சாலை, தூரத்தில் கியாங் எனும் காட்டுக் கழுதைக் கூட்டம். மச்சினன் ஆறாவது கியரில் புள்ளியாகி மறைந்தான். எனக்கு ஐந்து கியர்தான். கழுதைகளை நின்று பார்க்க எனக்கு நேரம் இருந்தது.

5,328 மீட்டரில் தங்லங் லா. பிரார்த்தனைக் கொடிகள் காற்றில் படபடக்க, அவன் கேட்டான்: “இப்பச் சொல்லுங்க அத்தான், எது நல்ல வண்டி?”

“புதுசா வாங்குறவன் யோசிக்காம 450 வாங்கட்டும் மாப்ள. சமவெளியில நாள் முழுக்க ஓட்டி மலைக்கு வரவும், வந்தப்புறம் ஏறவும் பலம் வேணும். ஆனா இந்த 411-ஐ நான் விக்க மாட்டேன். அடுத்த வருஷம் ஷிங்கு லா வழியா ஸன்ஸ்கார் போறப்ப, ஓடை வந்தா நீயே சாவி கேப்ப!”