மாமா வீட்டுக் காற்றுப்பொறி

மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடைப்பட்ட அனுப்பம்பட்டில், எம் தாய்மாமன் தம் வீட்டுத் திண்ணையில் ஒரு கம்பிரஸரை வைத்துப் பஞ்சர் ஒட்டி வருகின்றார். பழவேற்காட்டினின்று இறாலும் நண்டும் ஏற்றிவரும் வண்டிகளே அவர்க்குப் படியளப்பன. சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் யாம் அங்குச் சென்றபோது, அப்பொறி உறுமிற்றேயன்றி ஓடவில்லை.

மோட்டார் எரிந்ததென்றே மாமா துணிந்துவிட்டார். யாம் கலத்திலிருந்த காற்றனைத்தையும் வெளியேற்றிவிட்டு மீண்டும் ஓட்டுமாறு வேண்டினோம். "தமிழ் ஆனர்ஸ் படிப்பவருக்கு இதுவும் தெரியுமோ!" என்று அத்தை நகைத்தார்கள். ஆயின் பொறி உடனே ஓடிற்று! வெறுங்கலத்தோடு ஓடுமாயின் மோட்டாரிற் பெரும்பாலும் பழுதில்லை. உருளையில் தங்கிய அழுத்தமே அதனைத் தடுக்கின்றது. முதல்நாள் முதலே சுவிட்சின் அருகே காற்றுச் சீறியதும் நினைவிற்கு வந்தது. கலத்துக் காற்றைத் திரும்பவிடாது காக்கும் வால்வைக் கழற்றினோம். (மின்னிணைப்பைப் பிடுங்கிய பின்னரே என்க.) அதன் வாயிலே ஒரு துருத்துணுக்கு!

துரு எங்கிருந்து வந்தது? கலத்தின் அடித்திருகைத் திறந்தவுடன் செந்நீர் ஒரு குடம் வடிந்தது. காற்றை நெருக்குந்தோறும் அதன் கனவளவு சுருங்குமென 1662இல் பாயில் உரைத்தார். அங்ஙனம் நெருங்கிக் குளிர்ந்த காற்று, முன் தாங்கிய ஈரத்தைத் தாங்கமாட்டாது நீராய் விடுகின்றது. ஏரிக்காற்றும் மார்கழி ஈரமும் சேர்ந்த ஊரில் கேட்க வேண்டுவதில்லை. உயிரையும் மெய்யையும் பிரிக்கக் கற்ற எமக்கு, காற்றையும் நீரையும் பிரிக்கும் அத்திருகு அன்றுதான் தெரிந்தது. மாமாவோ அதனை ஈராண்டாகத் தொட்டதேயில்லை.

வால்வைத் துடைத்துப் பூட்டி, கசிவு காணச் சோப்பு நீர் தடவினோம். இணைப்புகளில் குமிழியில்லை. கலத்தின் அடிவயிற்றில் ஒன்று எழுந்தது, ஊசித்துளை.

"ஒரு பொட்டு வெல்டிங் வைத்தால் போதும், மாப்பிள்ளை" என்றார் மாமா. கூடாதென்றோம். துளை விழுந்தவிடத்தைச் சுற்றிய தகடும் மெலிந்திருக்கும். சதுர சென்டிமீட்டருக்கு 8 கிலோ அழுத்தம் ஏறுங்கால் கலமே பிளந்து சிதறக்கூடும். அக்கலம் இருப்பதோ பிள்ளைகள் விளையாடும் திண்ணையில். "புதுக்கலத்திற்கு நீரா பணம் தருவீர்?" என்று சினந்தெழுந்தவர், அன்றிரவு எம்மோடு உண்ணவுமில்லை. எம்மிடம் விடையுமில்லை; பேருந்துக் கட்டணத்திற்கே தந்தையாரை எதிர்நோக்குபவர் யாம்.

மறுநாட் காலை, வெறுங்கலத்தைத் தாமே புரட்டிவைத்துத் திருப்புளியால் அடியைத் தட்டினார். மூன்றாந்தட்டில் திருப்புளி உள்ளே புகுந்துவிட்டது. மாமா ஒன்றுஞ் சொல்லாமல் அதனைப் பிடுங்கித் துடைத்தார்.

தவணையிற் புதுக்கலம் வரும்வரை, மூன்று வாரம் கைப்பம்பினாலேயே காற்றடித்தார். இப்பொழுது மாலைதோறும் அடித்திருகைத் திறப்பதாகத் தொலைபேசியிற் கூறினார். முதல்நாள் வடிந்தது அரை டம்ளராம்.