கொம்புக்கு ஒரு நியாயம், கறிக்கு ஒரு நியாயம்

போடியில் காலை நடைக்குப் போனால் இப்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. "அந்தக் காலம் மாதிரி லைசென்ஸ் கொடுத்து மானையும் பன்றியையும் சுட விட்டால் விவசாயியும் பிழைப்பான், நமக்கும் கறி கிடைக்கும்." இப்படிப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் காலத்தைப் பார்த்ததில்லை. நான் கொஞ்சம் பார்த்தவன்.

அப்பா போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. அறுபதுகளில் பள்ளி லீவுக்கு அங்கேதான் போவோம். புத்தகத்தில் கடமான் என்று எழுதுவார்கள். எங்களுக்கு அது மிளா. கேளையாடும் சருகுமானும் உண்டு. இரவில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நாட்டுத் துப்பாக்கியோடு இரண்டு மூன்று பேர் கிளம்புவார்கள். இருட்டில் கண் மின்னினால் சுடுவார்கள். கிடாவா, பெட்டையா, சினையா என்று யாரும் பார்த்ததில்லை. விழுந்ததைக் கூறு போடுவார்கள். சுட்டவருக்குத் தலையும் ஒரு தொடையும். மற்றது லயத்து வீடுகளுக்கு. மீந்தது உப்புக்கண்டம். கறி என்பது தீபாவளிக்கு மட்டும் என்றிருந்த வீடுகள் அவை. அந்தப் பசியை நான் குறை சொல்ல மாட்டேன்.

அதே மலையில் இன்னொரு வேட்டையும் இருந்தது. அது துரைமார் வேட்டை. அவர்களுக்கு வேண்டியது கறியல்ல, கொம்பு. மிளாக் கிடாவின் கொம்பு உதிர்ந்து மறுபடி முளைக்கும். முழுதாக வளர்ந்த கொம்பாகப் பார்த்துச் சுட்டு, அங்குலக் கணக்கில் அளந்து, பங்களாச் சுவரில் மாட்டுவார்கள். அதற்கு விதிகளும் வைத்திருந்தார்கள். நீலகிரிக்கென்று 1879-லேயே வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மூணாறுப் பக்கம் தோட்ட துரைமார் ஹைரேஞ்ச் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஆரம்பித்தார்கள். வரையாட்டிலும் முதுகு வெளுத்த முதிய கிடாவைத் தேடித்தான் சுடுவார்கள்.

மந்தைக் கணக்கு மட்டும் பார்த்தால் துரைமார் விதிதான் சரி. ஒரு கிடா போனால் இன்னொரு கிடா அந்த இடத்துக்கு வந்துவிடும். பெட்டை போனால் அந்த வருஷக் குட்டியும் போச்சு, அடுத்தடுத்த வருஷக் குட்டிகளும் போச்சு. மிளா பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும். இரவிகுளத்தில் இன்று வரையாடு மந்தையாக நிற்கிறதென்றால் அந்தச் சங்கத்துக்கும், அதற்குக் காவல் நின்ற முதுவான் மக்களுக்கும் அதில் பங்குண்டு. 1975-ல் அது சரணாலயமாகி, 1978-ல் தேசியப் பூங்காவானது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. சுவரில் மாட்டச் சுட்டால் விளையாட்டு, சட்டியில் போடச் சுட்டால் திருட்டு என்று ஆனது அந்த விதிகளால்தான். மலையிலேயே பிறந்தவன் குற்றவாளியானான். வெளியூரிலிருந்து வந்தவன் லைசென்ஸ்காரன் ஆனான். அது மட்டுமல்ல. மானைத் தின்கிறது என்று செந்நாயைக் கொன்றுவந்தால் பரிசுப் பணம் கொடுத்தது அன்றைய சர்க்கார். மந்தையை ஒழுங்கில் வைத்திருந்த காவல்காரனைக் கொன்றுவிட்டு, மந்தையை நாங்கள் நிர்வகிக்கிறோம் என்றார்கள்.

1972 வன உயிரின பாதுகாப்புச் சட்டம்கூட வேட்டையை உடனே ஒழித்துவிடவில்லை. மிளாவைப் 'பெரிய வேட்டை விலங்கு' என்ற பட்டியலில் வைத்து, லைசென்ஸ் முறைக்கு இடம் கொடுத்தது. 1991 திருத்தம்தான் அந்த வழியை அடைத்தது. இன்று மான்கறி பச்சையாக இருந்தாலும் குழம்பாகக் கொதித்தாலும் சட்டத்துக்கு ஒன்றுதான். காட்டில் தானாக உதிர்ந்து கிடக்கும் கொம்பை எடுத்துவந்து வீட்டில் வைத்தாலும் வழக்கு வரும். 2003-ல், பழைய கொம்பு வைத்திருப்பவர்கள் கணக்குக் காட்ட ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். கொம்பில் துண்டு காயப் போட்ட வீடுகள் எங்கள் தெருவிலேயே இருந்தன.

அமெரிக்காவில் இன்றும் மான் வேட்டை நடக்கிறதே என்பார்கள். நடக்கிறது. எத்தனை கிடா, எத்தனை பெட்டை என்று மாநில அரசு கணக்குப் போட்டு அனுமதி தருகிறது. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் வரி 1937 முதல் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. ஸ்காட்லாந்தில் ஓநாய் அழிந்துபோனதால் மானைக் குறைக்கத் துப்பாக்கி வேண்டியிருக்கிறது. நம் மலையில் அந்த நிலை இல்லை. இங்கே செந்நாய் இருக்கிறது, சிறுத்தை இருக்கிறது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமும் வந்துவிட்டது. மந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு, சம்பளமும் கேட்பதில்லை.

பன்றி விஷயம் வேறு. கிழங்கையும் கடலையையும் ஒரே ராத்திரியில் உழுதுவிட்டுப் போகும். 2025 ஜனவரியில் தமிழக அரசு அதற்கு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் வனத்துறை சுடலாம். பன்றிக்குச் சொன்ன இந்த வழியை மிளாவுக்கும் நீட்டச் சொல்வதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பன்றி ஓர் ஈற்றில் பல குட்டி போடும். மிளா அப்படியா?

லைசென்ஸ் திரும்பி வந்தால் அது யார் கைக்குப் போகும் என்றும் யோசிக்க வேண்டும். லயத்து ஆளுக்குக் கிடைக்காது. ஜீப்பும் ரிசார்ட்டும் வைத்திருப்பவருக்குத்தான் கிடைக்கும். கறியின் பெயரைச் சொல்லி ஆரம்பித்து, மறுபடி கொம்பில்தான் போய் நிற்கும்.

விளைச்சல் போனவனுக்கு அலைய விடாமல் இழப்பீடு கொடுக்கட்டும். வேலியோரம் கட்டியிருக்கும் சுருக்குக் கம்பிகளைத் தேடி அறுக்கட்டும். அந்தக் கம்பி கிடாவும் பார்க்காது, சினையும் பார்க்காது. அந்தக் காலத்து ராத்திரி வேட்டை இன்று நம்மிடம் மிச்சம் வைத்திருப்பது அது ஒன்றைத்தான்.