பெரம்பலூர் டு அரியலூர், வழி: பரீட்சை

பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது என் கையில் ஒரு கிலோ மைசூர்பாகு இருந்தது. அக்கா அதை வாங்கினாள். பிரித்துக்கூடப் பார்க்காமல் ஸ்டூல் போட்டு ஏறி பீரோவுக்கு மேலே வைத்துவிட்டாள்.

“பரீட்சை முடியட்டும்டா. இனிப்பு சாப்பிட்டா தூக்கம் வருமாம்.”

பரீட்சை அக்கா மகளுக்கு. ஆனால் தூங்குவதில்லை என்று சபதம் எடுத்திருந்தது மொத்தக் குடும்பமும். குக்கர் விசிலால் படிப்பு கெடும் என்று அக்கா சோற்றை வடித்துக் கொண்டிருந்தாள். மச்சானோ தும்மல் வந்தால் மொட்டை மாடிக்கு ஓடினார். இன்னும் எட்டு நாள் இருந்தது.

இது நடந்தது 2025-ம் வருஷம், ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தபிறகு. நீட் எழுதியாகிவிட்டது. அது எப்படிப் போனது என்று கேட்கக் கூடாது என்பது அந்த வீட்டின் எழுதாத சட்டம். இப்போது சென்னையில் ஒரு கல்லூரியில் ஆப்டோமெட்ரிக்கு நுழைவுத் தேர்வு.

“கண்ணாடிக் கடை படிப்பா?” என்று கேட்டுவிட்டேன். பி.காம். படித்தவனிடம் நீங்கள் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

“இல்ல மாமா. ஆபரேஷன் பண்றவர் கண் டாக்டர். கண்ணாடி செஞ்சு தர்றவர் கடைக்காரர். நடுவுல கண்ணை டெஸ்ட் பண்ணி, பவர் எவ்வளவு, கோளாறு என்னன்னு கண்டுபிடிக்கறவங்க ஆப்டோமெட்ரிஸ்ட். நாலு வருஷம். கடைசி வருஷம் பூரா ஆஸ்பத்திரியில பயிற்சி.”

விசாரித்தேன். சங்கர நேத்ராலயாவோடு சேர்ந்த எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி சென்னையில் 1985-லேயே ஆரம்பித்துவிட்டது. நான் பிறப்பதற்கு முன்பே இருக்கிற படிப்பு! அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு ப்ளஸ் டூ மார்க் போதும். சில கல்லூரிகள் தனியாகப் பரீட்சை வைக்கின்றன. இவளுக்கு வந்தது அப்படி ஒன்று.

மார்க் விஷயத்தில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடம் வாலாட்ட முடியாது. “பின்தங்கிய மாவட்டம்” என்று ஒரு காலத்தில் அடைமொழி போட்டே எழுதுவார்கள். 2022-ல் ப்ளஸ் டூ தேர்ச்சியில் மாநிலத்திலேயே முதலிடம் பெரம்பலூர். 2023-ல் பத்தாம் வகுப்பிலும் பெரம்பலூர்தான். 2024-ல் பத்தாம் வகுப்புக்கு அரியலூர், 2025-ல் ப்ளஸ் டூவுக்கும் அரியலூர், 98.82 சதவீதம்! மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற மானாவாரி பூமியில் சத்தமில்லாமல் இதுவும் விளைந்திருக்கிறது.

அப்புறம் ஏன் அவள் முகம் பேயறைந்த மாதிரி இருக்கிறது?

காரணம் இரண்டாம் நாள் தெரிந்தது. மாதிரி வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து எழுதச் சொன்னேன். நூற்றுக்கு 41. திருத்திக்கொண்டே ஒரு தப்பான கேள்வியைச் சும்மா தமிழில் சொன்னேன். பட்டென்று விடை வந்தது. இன்னொன்று சொன்னேன். அதற்கும் வந்தது. எல்லாக் கேள்விகளையும் தமிழில் சொல்லி முடித்தபோது அதே பேப்பரில் 78.

பன்னிரண்டு வருஷம் தமிழில் படித்த பெண். பரீட்சை இங்கிலீஷில். பாடம் ஒன்றுதான், வேஷம் மாறி வந்து நிற்கிறது, அடையாளம் தெரியவில்லை.

இதைச் சரிசெய்ய ஏழு நாள் போதுமா என்று யோசித்துக் கொண்டிருக்கும்போதே எதிர் வீட்டில் கல்யாணப் பந்தல் போட்டார்கள். லவுட் ஸ்பீக்கர்காரர் “மைக் டெஸ்ட்டிங்” என்று ஆரம்பித்தார். மச்சான் முடிவெடுத்துவிட்டார்: “அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. அங்க லாரி சத்தம் மட்டும்தான்.”

மச்சானின் அம்மா, அதாவது அவளுடைய அப்பாயி, இருப்பது அரியலூரிலிருந்து செந்துறை போகிற சாலையில் ஒரு கிராமம். பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். மூன்று பை நிறையப் புத்தகம். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போடலாமா என்று பார்வையாலேயே எடை போட்டார்.

இரண்டு ஊருக்குமான உறவு நம் வீட்டுப் பாகப்பிரிவினை மாதிரிதான். 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் தனிக்குடித்தனம் வந்தது. 2001-ல் அரியலூர் அதிலிருந்து பிரிந்தது. மறு வருஷமே திரும்பச் சேர்த்துவிட்டார்கள். 2007 நவம்பர் 23-ல் மறுபடி பிரிந்தது. அதே நவம்பர் 23-ல்தான், 1956-ல், அரியலூர் பக்கத்தில் வெள்ளத்தில் பாலம் போய் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. லால்பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவியை ராஜினாமா செய்தார். தேதி பார்த்தவர்கள் இதைப் பார்க்கவில்லை போல!

அரியலூர் நெருங்க நெருங்க மரங்களெல்லாம் பவுடர் பூசிக்கொண்டு நிற்கின்றன. எல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகளின் உபயம். சுற்றிலும் சிமென்ட் ஆலைகள். இந்த இடம் முழுவதும் டைனோசர் காலத்தில் கடல். அந்தக் கடல் ஜீவன்களின் ஓடுகள் மண்ணுக்குள்ளே இன்னும் இருக்கின்றன. 2020-ல் குன்னம் பக்கத்தில் உருண்டை உருண்டையாய்க் கற்கள் கிடைத்ததும், டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டுவிட்டது. பார்த்தால் அம்மோனைட்! நத்தை போலச் சுருண்ட ஓடுடைய கடல் பிராணி. முட்டை இல்லை என்றதும் கூட்டம் கலைந்துவிட்டதாம். பாவம் அம்மோனைட், அதுவும் பல கோடி வருஷத்துச் சரக்குதான்.

அப்பாயி வீட்டில் அப்படி ஒரு கல், கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்தது.

“வாங்க தம்பி. புள்ளைக்கு ஏன் இப்படிக் கண்ணு உள்ள போயிருக்கு? இதுதான் கண்ணுக்குப் படிக்கப் போவுதா?” என்றார் அப்பாயி. எட்டு நாளில் அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

திண்ணைதான் எங்கள் கல்லூரி. காலை ஆறு மணிக்கு நான் இங்கிலீஷில் கேட்பேன், அவள் தமிழுக்குக் கொண்டுபோய், திரும்ப இங்கிலீஷுக்குக் கொண்டுவர வேண்டும்.

“மையோப்பியா?”

“கிட்டப்பார்வை. தூரத்துல இருக்கறது தெரியாது. குழி லென்ஸ். கான்கேவ்.”

“ஹைப்பர்மெட்ரோப்பியா?”

“தூரப்பார்வை. குவி லென்ஸ். கான்வெக்ஸ்.”

“ரிஃப்ராக்‌ஷன்?”

“எதிரொளி... இல்ல, ஒளிவிலகல். எதிரொளிப்பு ரிஃப்ளெக்‌ஷன்.”

இந்த இரண்டிலும் அவள் கடைசி வரை தடுக்கி விழுந்தாள். தப்பு அவள் மேல் இல்லை. தமிழில் விலகினால் விலகல், எதிரே திரும்பினால் எதிரொளிப்பு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் குழம்பாது. இங்கிலீஷில் இரண்டும் ஒரே சட்டை போட்ட இரட்டைப் பிள்ளைகளாக நிற்கின்றன. கடைசியில், ‘ஃப்ளெக்’ என்று வந்தால் முகம் பார்க்கிற கண்ணாடி, ‘ஃப்ராக்’ என்று வந்தால் மூக்குக் கண்ணாடி என்று அவளே ஒரு சூத்திரம் கண்டுபிடித்துக்கொண்டாள்.

ஒரு நாள் “நிக்கோல் பட்டகம் எதனால் செய்தது?” என்று கேட்டேன். 1828-ல் வில்லியம் நிக்கோல் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் செய்தது. பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அவளுக்கு வரவில்லை. நகத்தைக் கடித்தாள். அந்த நேரம் ஒரு லாரி புழுதியை எங்கள் மேல் வாரி இறைத்துவிட்டுப் போனது. இருமிக்கொண்டே, “கால்சைட்! கால்சைட் மாமா!” என்று கத்தினாள். சுண்ணாம்புக்கல்லில் இருக்கிற சரக்கும் அதே கால்சைட்தான். பட்டகத்துக்குக் கண்ணாடி மாதிரித் தெளிவான படிகம் வேண்டும், இது கலங்கல், அவ்வளவே வித்தியாசம். “எங்க அப்பாயி வீட்டு வாசல்ல டன் கணக்குல போகுது, இதைப் போய் மறந்தேனே!”

சாயங்காலம் ரெஸ்ட். அப்போது அப்பாயிதான் பேஷன்ட். டாக்டர்கள் எழுத்துப் பலகை மாட்டிப் படிக்கச் சொல்கிறார்களே, அதை 1862-ல் கொண்டுவந்தவர் ஸ்னெல்லன் என்கிற டச்சுக்கார டாக்டர். ஆறு மீட்டர் தள்ளி நின்று படிக்க வேண்டும். இவள் சுவரில் தினசரி காலண்டரை மாட்டி, இருபது அடி அளந்து அப்பாயியை உட்காரவைத்தாள். அப்பாயி தேதி, கிழமை, ராகுகாலம் எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பித்துவிட்டார். காலையில் அவரேதான் தாளைக் கிழித்தவர்! அடுத்த நாள் பழைய தாளை மாட்டி, இடது கண்ணைப் பொத்தியபோது குட்டு வெளிப்பட்டது. வலது கண்ணில் ஒன்றுமே தெரியவில்லை. “புரையா இருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்” என்றாள் இவள். “ஒண்ணு இருக்குல்ல, அது போதும்” என்றார் அப்பாயி.

இதே சாலையில் இன்னும் போனால் குழுமூர் வரும். அனிதாவின் ஊர். ப்ளஸ் டூவில் 1200-க்கு 1176 வாங்கிய பெண். அப்பா திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். டாக்டர் கனவோடு நீட்டை எதிர்த்து சுப்ரீம் கோர்ட் வரை போனாள். 2017 செப்டம்பர் 1-ம் தேதி அவளை இழந்தோம். ஊரில் அவள் பெயரில் நூலகம் இருக்கிறது. 2022 ஜனவரியில் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதன் அரங்கத்துக்கு அவள் பெயரை வைத்திருக்கிறார்கள். அவளே உட்கார்ந்திருக்க வேண்டிய அரங்கம். இந்தப் பக்கத்தில் பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றிப் பேசும்போது பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வதை நான் கவனித்தேன். அக்கா தினமும் நாலு தடவை போன் செய்து, “சாப்பிட்டாளா? தூங்கினாளா?” என்று மட்டும் கேட்டதற்கும் அர்த்தம் புரிந்தது.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி இரண்டு மணிக்குக் கண் விழித்தேன். திண்ணையில் லைட் எரிந்தது. புத்தகம் மடியில். பக்கம் புரளவில்லை.

“மாமா, கிடைக்கலைன்னா?”

‘கிடைக்கும்மா’ என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. பதிலாக என் கதையைச் சொன்னேன். 2008-ல் சி.ஏ. படிக்க ஆசைப்பட்டு சி.பி.டி. எழுதினேன். இருநூறுக்கு நூறு வேண்டும். முதல் தடவை 94. உயிரைக் கொடுத்துப் படித்து இரண்டாம் தடவை எழுதினேன். 91!

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“ரிசல்ட் வந்த அன்னிக்கு வீட்டுக்குப் போக பயம். அடுத்தடுத்து ரெண்டு சினிமா பார்த்தேன். என்ன படம்னுகூட ஞாபகம் இல்ல. ராத்திரி பதினோரு மணிக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.”

“தாத்தா அடிச்சாரா?”

“உங்க அம்மாதான் திறந்தா. உன்னைத் தூக்கிட்டு லீவுக்கு வந்திருந்தா. நீ முழிச்சிக்கிட்டு வீரிட்டு அழுதுக்கிட்டிருந்தே. ‘கை கால் கழுவிட்டு வாடா, உப்புமா ஆறுது’ன்னா. அவ்வளவுதான். அப்பா மறுநாள் பி.காம். அப்ளிகேஷன் வாங்கிட்டு வந்தார். ரெண்டு பேரும் இன்னிவரைக்கும் அந்த 91-ஐப் பத்திக் கேட்டதில்ல.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு, “லைட்டை அணைச்சிடுங்க மாமா” என்றாள்.

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது என்பதால், அக்காவும் மச்சானும் வழியனுப்ப அரியலூர் ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார்கள். அக்கா கையில் மைசூர்பாகு. “ரெண்டே ரெண்டு துண்டு” என்று மகளுக்குக் கொடுத்தாள். எனக்கு ஒன்று.

பல்லவன் எக்ஸ்பிரஸுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அவள் பிளாட்பாரத்தில் என்னை ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

“மாமா, அந்த மஞ்சள் போர்டைப் படிங்க.”

“அரியலூர்.”

“அது எல்லாருக்கும் தெரியும். கீழே சின்னதா எழுதியிருக்கே.”

“கடல் மட்டத்துக்கு மேல எத்தனை மீட்டர்னு எழுதியிருக்கும்.”

“எத்தனைன்னு சொல்லுங்க.”

கண்ணை இடுக்கினேன். கழுத்தை நீட்டினேன். பல கோடி வருஷம் முன்னால் கடலே இங்கேதான் இருந்தது, இதில் மட்டம் என்ன மட்டம் என்று சமாளித்துப் பார்த்தேன். அவள் விடவில்லை. என் வலது கண்ணைப் பொத்தினாள். பிறகு இடது கண்ணை.

“மையோப்பியா” என்றாள். “இடது கொஞ்சம் ஜாஸ்தி. கான்கேவ் லென்ஸ் போடணும். எத்தனை வருஷமா இப்படி பஸ் போர்டு தெரியாம ஓடிக்கிட்டிருக்கீங்க?”

ரயில் வந்துவிட்டது. எங்கள் கோச் எது என்று அவள்தான் படித்துச் சொன்னாள்.